கேரவன் ஊர்திகளில் செயற்கைக்கோள் இணையம்

கேரவன் ஊர்திகளில் செயற்கைக்கோள் இணையம் என்பது, தங்கும் வசதி கொண்ட ஊர்தி ஒன்றின் கூரையிலோ அருகிலோ அலைவாங்கி ஒன்றைப் பொருத்தி, செல்பேசிக் கோபுரங்களின் துணையின்றி, விண்ணில் உள்ள செயற்கைக்கோள் வழியாக இணையத்தைப் பெறும் முறையாகும். படுக்கை, சமையலிடம், கழிப்பறை முதலியவற்றைக் கொண்ட ஊர்திகள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றுலாப் பயணிகளால் பெரிதும் பயன்படுத்தப்படுகின்றன. தமிழகத்தில் இத்தகைய ஊர்தி கேரவன் என்றே அழைக்கப்படுகிறது. எனினும் இச்சொல் இங்கு பரவலானது சுற்றுலாவால் அன்று. படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஊர்தியைக் குறிக்கவே இது பெரிதும் வழங்கிவருகிறது.

தமிழகத்தில் கூரையில் செயற்கைக்கோள் அலைவாங்கியுடன் ஊர் ஊராகச் சென்ற முதல் ஊர்திகளும் சுற்றுலா ஊர்திகள் அல்ல. அவை கண் மருத்துவமும் நீரிழிவு மருத்துவமும் அளித்த நடமாடும் மருத்துவ ஊர்திகள். சுற்றுலாப் பயணி தன் ஊர்தியில் இத்தகைய கருவியைத் தானாக வாங்கிப் பொருத்திப் பயன்படுத்துவது இந்தியச் சட்டப்படி இன்னும் எளிதானதன்று. வானத்தின் அமைப்பைப் பொறுத்தவரை தமிழகம் இதற்கு மிகவும் ஏற்ற இடம் என்பதால் இந்நிலை கருதத்தக்கது. இக்கட்டுரையில் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள சித்தன்னவாசல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

சித்தன்னவாசலின் வானம்

சித்தன்னவாசல் புதுக்கோட்டை நகரில் இருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில், அன்னவாசலுக்கு அருகில் உள்ளது. இங்குள்ள குன்றின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் எனப்படும் சமணக் குடைவரையும், அதன் புகழ்பெற்ற 9ஆம் நூற்றாண்டு ஓவியங்களும் உள்ளன. குன்றின் மேலேறி மறுபக்கம் இறங்கினால் சமண முனிவர்கள் தங்கிய ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையையும் அதிலுள்ள கற்படுக்கைகளையும் காணலாம். சுற்றிலும் பெரும்பாலும் சமவெளி. இக்குன்று ஒன்றே வானத்தை மறைக்கக்கூடியது.

இவ்வூர் ஏறத்தாழ 10.45 பாகை வட அகலாங்கிலும் 78.7 பாகை கிழக்கு நெட்டாங்கிலும் அமைந்துள்ளது. புவிநிலைச் செயற்கைக்கோள்கள் அனைத்தும் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிலைகொண்டிருப்பவை. ஆகவே நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர்களில் இவை ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கும். 74 பாகை கிழக்கில் உள்ள ஜிசாட்-11 செயற்கைக்கோளைச் சித்தன்னவாசலில் இருந்து நோக்கினால், அது அடிவானத்தில் இருந்து சுமார் 76 பாகை உயரத்தில், தெற்கிலிருந்து சற்று மேற்கே சாய்ந்த திசையில் இருக்கும். 68 பாகையில் உள்ள ஜிசாட்-என்2 சுமார் 72 பாகை உயரத்தில் இருக்கும். இலண்டன் நகரத்தார்க்கு அந்நகரின் நெட்டாங்கிலேயே உள்ள புவிநிலைச் செயற்கைக்கோள்கூட சுமார் 31 பாகை உயரத்துக்கு மேல் வருவதில்லை.

இவ்வேறுபாடு முகாமிடுவோருக்கு மிக முக்கியமானது. ஐரோப்பாவில் ஊர்தியை நிறுத்தும்போது தெற்கே ஒரு மரமோ கட்டடமோ இருந்தால் இணைப்பு கிடைக்காது. சித்தன்னவாசலில் குன்றின் அடிவாரத்திலேயே ஊர்தியை நிறுத்தினாலும் புவிநிலைச் செயற்கைக்கோள் மறைவதில்லை. நேர் மேலே கிளை விரித்த புளியமரத்தின் அடியில் நிறுத்தாமல் இருந்தால் போதும். வெயிலுக்கு நிழல் தேடும் பயணிக்கு இது ஓர் இடர்ப்பாடு என்பதும் உண்மையே.

வீட்டுக் கூரைகளில் உள்ள டி.டி.எச். தொலைக்காட்சிக் கிண்ணங்களைக் கண்டவர்கள், அவை இவ்வளவு செங்குத்தாக மேல்நோக்கி இருப்பதில்லையே என ஐயுறலாம். அக்கிண்ணங்கள் பரவளைவின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தது போன்ற வடிவம் கொண்டவை. அவற்றின் அலைகுவிக்கும் கருவி நடுவில் இல்லாமல் கீழ்ப்புறம் தள்ளி அமைந்திருக்கும். இதனால் கிண்ணத்தின் முகம் சாய்ந்திருப்பதுபோல் தோன்றினாலும், அது நோக்கும் திசை அதைவிட இருபது பாகைக்கும் மேல் உயரத்தில் இருக்கும்.

இருவகைச் செயற்கைக்கோள்கள்

ஊர்திகளுக்கு இணையம் தரும் செயற்கைக்கோள்களை அவற்றின் சுற்றுப்பாதையைக் கொண்டு இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் வகை மேலே கூறப்பட்ட புவிநிலைச் செயற்கைக்கோள்கள். இவை வானில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றுவதால், ஊர்தி நின்றபின் கிண்ணத்தை ஒருமுறை சரியாகத் திருப்பி இறுக்கினால் போதும். ஆனால் தொலைவு மிகுதி. பயனரின் வேண்டுகோள் மேலே சென்று, கீழே உள்ள தரைநிலையத்தை அடைந்து, அதற்கான விடை மீண்டும் மேலே சென்று கீழே வர, அலை ஏறத்தாழ 1,43,000 கி.மீ. பயணம் செய்கிறது. ஒளியின் வேகத்திலும் இதற்கு அரை நொடி ஆகும். மின்னஞ்சலுக்கும் வலைப்பக்கங்களுக்கும் இது பெரிய குறையன்று. பேசும்போது மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்ளும் நிலை அடிக்கடி ஏற்படும்.

இரண்டாம் வகை, தாழ் புவிச் சுற்றுப்பாதையில் இயங்குபவை. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்திலும், ஒன்வெப் செயற்கைக்கோள்கள் சுமார் 1,200 கி.மீ. உயரத்திலும் சுற்றுகின்றன. இவற்றில் காலத்தாழ்வு ஒரு நொடியில் நூற்றில் சில பங்கு அளவே. ஆனால் ஒவ்வொரு செயற்கைக்கோளும் சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடுவதால், அலைவாங்கி ஒன்றை விட்டு மற்றொன்றைத் தொடர்ந்து பற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதனைக் கிண்ணத்தைச் சுழற்றிச் செய்வது கடினம். ஆகவே தட்டையான பலகையில் நூற்றுக்கணக்கான சிறு அலைவாங்கிகளை அடுக்கி, அவை வெளியிடும் அலைகளின் கட்டத்தை மின்முறையில் மாற்றிக் கற்றையைத் திருப்பும் முறை கையாளப்படுகிறது. இது கட்ட வரிசை அலைவாங்கி எனப்படும். ஸ்டார்லிங்க் நிறுவனம் 2022 மே மாதத்தில் கேரவன் ஊர்திகளுக்கென்றே ஒரு சேவைத் திட்டத்தை வெளிநாடுகளில் தொடங்கியது. பின்னர் அது ரோம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2024இல் முதுகுப்பையில் வைத்துச் செல்லத்தக்க, ஒரு கிலோகிராமை ஒட்டிய எடையுள்ள மினி என்னும் சிறு முனையமும் வெளிவந்தது.

இவ்வகைக்குச் சித்தன்னவாசல் அவ்வளவு சிறந்த இடம் என்று கூற முடியாது. இதற்குக் காரணங்கள் இரண்டு. ஸ்டார்லிங்கின் பெரும்பாலான செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு 53 பாகை அளவில் சாய்ந்த பாதைகளில் சுற்றுகின்றன. இத்தகைய பாதைகள் 50 பாகை அகலாங்கை ஒட்டி நெருக்கமாகவும் நிலநடுக்கோட்டை ஒட்டி அகன்றும் அமைவதால், ஒரே நேரத்தில் தலைக்கு மேல் உள்ள செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை தமிழகத்தில் ஐரோப்பாவைவிடக் குறைவாக இருக்கும். மற்றொன்று, தாழ் சுற்றுப்பாதைச் சேவைகள் புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கு இடையூறு செய்யக் கூடாது என்பது பன்னாட்டு விதி. எனவே புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வரிசையாக நிற்கும் வானப்பட்டையை நோக்கி இவை கற்றையைச் செலுத்துவதைத் தவிர்க்க வேண்டும். வட நாடுகளில் இப்பட்டை தெற்கு அடிவானத்தை ஒட்டிக் கிடப்பதால் இழப்பு குறைவு. சித்தன்னவாசலில் அது உச்சிவானத்துக்கு மிக அருகில் செல்வதால், வானின் மிகச் சிறந்த பகுதியே விலக்கப்பட்ட பகுதியாகிவிடுகிறது.

குன்றும் இங்கு தடையாகலாம். தட்டைப் பலகை அலைவாங்கிகள் அடிவானத்தில் இருந்து சுமார் 25 பாகைக்கு மேல் உள்ள வானம் முழுவதும் தடையின்றித் தெரிவதை எதிர்பார்க்கின்றன. 70 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றில் இருந்து 150 மீட்டர் தள்ளி நின்றால் குன்றின் உச்சி 25 பாகையைத் தொடும். அதைவிட நெருங்கி நின்றால் கிழக்கு வானின் ஒரு பகுதி மறைந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

மழை, வெயில், மின்கலம்

செயற்கைக்கோள் இணையம் பயன்படுத்தும் கேயு, கேஏ அலைவரிசைகளின் அலைநீளம் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் அளவே ஆகையால், பெரும் மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. கேஏ வரிசையில் இவ்விழப்பு கூடுதல். அலை செங்குத்தாக மேலே செல்வதால் அது மழைக்குள் கடக்கும் தொலைவு தமிழகத்தில் குறைவு. ஆயினும் வெப்பமண்டல மழையின் கடுமை அந்த நன்மையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. புதுக்கோட்டைப் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மாலை நேர இடிமழையின்போது கால் மணி நேரம், அரை மணி நேரம் இணைப்பு இல்லாமல் போவதை எதிர்பார்க்கலாம்.

கதிரவனாலும் ஓர் இடையூறு உண்டு. ஆண்டுக்கு இருமுறை, கதிரவன் புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது அதன் வானொலி இரைச்சல் செயற்கைக்கோளின் மெல்லிய குறிகையை மூழ்கடிக்கிறது. சித்தன்னவாசலின் அகலாங்கில் இது மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்களுக்கு, நண்பகலை ஒட்டிய சில நிமிடங்கள் நிகழும். கருவி பழுதடைந்துவிட்டது எனப் பயனர் கருதி, நன்றாக இருக்கும் கிண்ணத்தைத் திருப்பிவிடுவது இதனால் ஏற்படும் பொதுவான தவறு.

மின்தேவை கேரவன் பயணிகள் முதலில் கணக்கிட வேண்டிய ஒன்றாகும். ஸ்டார்லிங்க் மினி முனையம் 25 முதல் 40 வாட்டு வரை எடுத்துக்கொள்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கான பெரிய முனையங்கள் இதைப்போல் இருமடங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கின்றன. 12 வோல்ட்டு, 100 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலத்தில் பாதி மின்னூட்டத்தை மட்டும் பயன்படுத்துவதே அதன் ஆயுளுக்கு நல்லது என்பதால், கிடைப்பது சுமார் 600 வாட்டு-மணி. இதில் 40 வாட்டுக் கருவி 15 மணி நேரமும், 75 வாட்டுக் கருவி 8 மணி நேரமும் இயங்கும். விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றின் தேவை இதற்கு மேல். இதே மின்கலத்தைக் கொண்டு ஊர்தியின் எந்திரத்தையும் இயக்க வேண்டியிருந்தால், காலையில் ஊர்தியைத் தள்ளுவதற்கு ஆட்களைத் தேட நேரிடும்.

நகரும்போதும் நிற்கும்போதும்

கிண்ண அலைவாங்கி மிகக் குறுகிய கற்றையை வெளியிடுகிறது. 1.2 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் கேயு வரிசையில் வெளியிடும் கற்றையின் அகலம் ஏறத்தாழ 1.2 பாகை. நீட்டிய கையில் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகையை மறைக்கும் என்பதைக் கொண்டு இதன் நுண்மையை உணரலாம். புவிநிலைப் பாதையில் செயற்கைக்கோள்கள் இரண்டு மூன்று பாகை இடைவெளியிலேயே அமைந்திருப்பதால், தவறாகத் திருப்பப்பட்ட கிண்ணமோ, அளவில் மிகச் சிறியதாகையால் அகன்ற கற்றையை வெளியிடும் கிண்ணமோ பக்கத்துச் செயற்கைக்கோளைப் பயன்படுத்துவோருக்கு இடையூறாகிவிடும். பயனர் முனையங்களுக்கு உரிமமும் தர அளவும் வகுக்கப்பட்டிருப்பதற்கு இதுவே தொழில்நுட்பக் காரணம். தொலைக்காட்சிக் கிண்ணம் அலையைப் பெறுகிறது. இணையக் கிண்ணம் அலையைப் பெறுவதோடு அனுப்பவும் செய்கிறது. ஆம்னி பேருந்தில் தொலைக்காட்சி பார்ப்பதும் அதே கூரையில் இணைய முனையத்தை வைப்பதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறாக இருப்பது இதனால்தான்.

பழைய வகை ஊர்திகள் நின்ற பின்னரே கிண்ணத்தை விரித்துச் செயற்கைக்கோளைத் தேடின. ஓடும் ஊர்தியில் கிண்ணத்தைத் தொடர்ந்து திருப்பும் எந்திரங்களும் உண்டு. ஆனால் செயற்கைக்கோள் உச்சிவானத்தை நெருங்கும் இடங்களில், ஊர்தி சிறிதே குலுங்கினாலும் கிண்ணம் கிடைத்தளத்தில் பெருமளவு சுழல வேண்டியிருக்கும். தென்னிந்தியாவில் இது கவனிக்கப்பட வேண்டிய குறைபாடு. தட்டைப் பலகை அலைவாங்கிகளுக்கு இத்தொல்லை இல்லை.

தமிழகத்தின் செயற்கைக்கோள் ஊர்திகள்

இந்தியாவில் செயற்கைக்கோள்வழி மருத்துவத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் 2000 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட அப்பல்லோ மருத்துவமனை நிலையம் குறிப்பிடப்படுகிறது. அது ஒரே இடத்தில் நிலைத்த நிலையம். அதே கருத்தைச் சக்கரங்களின் மேல் ஏற்றியது தமிழகத்தில் நிகழ்ந்தது. சென்னை சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் (இஸ்ரோ) துணையுடன் 2003இல் நடமாடும் தொலைக் கண்மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியது. கண்ணைச் சோதிக்கும் கருவிகளும், விழித்திரையைப் படம்பிடிக்கும் ஒளிப்படக் கருவியும், வீசாட் எனப்படும் சிறு செயற்கைக்கோள் முனையமும் ஒரே ஊர்தியில் அமைக்கப்பட்டன. ஊர்தி கிராமத்தில் நின்றதும் அலைவாங்கி செயற்கைக்கோளை நோக்கித் திருப்பப்படும். பயிற்சி பெற்ற கண் சோதனையாளர் நோயாளிகளைப் பரிசோதிப்பார். படங்கள் சென்னைக்குச் செல்லும். மருத்துவர் காணொளி வழியாக நோயாளியுடன் பேசுவார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் இத்தகைய ஊர்தியை இயக்கியது.

அக்காலத்தில் கிடைத்த இணைப்பின் வேகம் நொடிக்குச் சில நூறு கிலோபிட் மட்டுமே. இன்றைய செல்பேசி இணையத்தைக் கொண்டு நோக்கினால் இது மிகக் குறைவு. ஆனால் பேருந்து மாறி மாறிச் சென்னைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய ஒருவருக்கு, ஊரிலேயே பெற்ற அரைமணி நேர இணைப்பு கண்பார்வையைக் காப்பதற்குப் போதுமானதாக இருந்தது. நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பு தொடக்கத்தில் நோயாளிக்கு எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை என்பதால், நோயாளி மருத்துவரைத் தேடி வரும்வரை காத்திருப்பது இதில் பயன் தராது.

இத்தகைய ஊர்தியின் பயன் முறையாக அளவிடப்பட்டது சூனாம்பேடு திட்டத்தில் ஆகும். முன்னர் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்திலும் உள்ள சூனாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களில், சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம், உலக நீரிழிவு அறக்கட்டளை, இஸ்ரோ ஆகியவற்றின் துணையுடன் இத்திட்டம் நடத்தப்பட்டது. விழித்திரைப் படம், இதய மின்வரைவு, பாதங்களின் உணர்வு மற்றும் இரத்த ஓட்டம் ஆகியவற்றைச் சோதிக்கும் கருவிகள் ஊர்தியில் இருந்தன. 2012இல் வெளியான ஆய்வறிக்கையின்படி, அப்பகுதியின் வயது வந்தோர் 27,014 பேரில் 86.5 விழுக்காட்டினர், அதாவது 23,380 பேர், சோதிக்கப்பட்டனர். நீரிழிவு நோயாளிகளின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஓராண்டில் சராசரியாக 9.3இலிருந்து 8.5 விழுக்காடாகக் குறைந்தது. சென்னையில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்ற அனைவருக்கும் கிராமத்திலேயே மருத்துவம் அளிக்க முடிந்தது.

இதே காலத்தில் நிலைத்த செயற்கைக்கோள் மையங்களும் ஏற்பட்டன. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் இஸ்ரோவும் இணைந்து 2004 அக்டோபர் 18 அன்று தொடங்கிய கிராம வள மையங்கள் திருவையாறு, தங்கச்சிமடம், செம்பட்டி ஆகிய ஊர்களைச் சென்னையுடன் இணைத்தன.

இவ்வளவு பயன் தந்த முறை பின்னர் பெருகாமல் போனதற்குப் பொருளாதாரமே காரணம். அரவிந்த் மருத்துவமனை தேனிப் பகுதியில் தன் கிராமப்புறக் கண் பரிசோதனை மையங்களை இணைக்க, பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, நெடுந்தொலைவு வைஃபை இணைப்புகளை 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைத்தது. கோபுரத்தில் இருந்து கோபுரத்துக்குச் செல்லும் இவ்விணைப்புகள் செயற்கைக்கோளைவிட வேகமாகவும், மாதச் செலவு மிகக் குறைவாகவும் இருந்தன. அடுத்த பத்தாண்டுகளில் செல்பேசி இணையம் சமவெளிக் கிராமங்களை எட்டியது. சித்தன்னவாசல் போன்ற சமவெளி ஊருக்கு வரும் பயணிக்கு, மின்னஞ்சலும் வரைபடமும் மட்டுமே தேவையெனில், இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளும் ஊர்திக் கூரையில் ஒரு நல்ல வெளிப்புற ஆன்டெனாவும் செயற்கைக்கோள் முனையத்தைவிடச் சிக்கனமானவை என்பதில் ஐயமில்லை.

கஜா புயல் காட்டியது

செல்பேசிக் கோபுரம் மின்சாரத்தை நம்பியிருப்பது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைக் கடுமையாகப் பாதித்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கோபுரங்களின் மின்கலங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்துபோக, டீசல் கொண்டுசெல்லும் சாலைகள் விழுந்த மரங்களால் அடைபட்டிருந்தன. எந்த ஊரில் குடிநீர் இல்லை, எந்த ஊரில் கூரை இல்லை என்ற செய்தியே வெளிவரத் தாமதமானது. பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

இத்தகைய வேளையில் தன் மின்கலத்தையும் தன் அலைவாங்கியையும் தானே சுமந்துவரும் ஊர்தி, சுற்றியுள்ள கோபுரங்கள் எல்லாம் அணைந்தபோதும் இயங்கும். செல்பேசி நிறுவனங்கள் பேரிடர்களின்போது கொண்டுவரும் சக்கரக் கோபுரங்களும் கம்பிவடம் அறுந்த இடங்களில் செயற்கைக்கோள் வழியாகவே மையத்துடன் இணைக்கப்படுகின்றன. புயல் காற்றில் கிண்ணத்தை விரித்துவைக்க இயலாது என்பதால், காற்று தணிந்த பின்னரே இதன் பயன் தொடங்கும்.

சட்ட நிலை

இந்தியாவில் கம்பியில்லாக் கருவிகளை உரிமமின்றி வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தாலும் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தாலும் கட்டுப்படுத்தப்பட்டு வந்தன. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இவற்றின் இடத்தில் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்டது. 2008 மும்பைத் தாக்குதலில் தாக்கியவர்கள் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பயன்படுத்தியதை அடுத்து இக்கட்டுப்பாடு மேலும் இறுக்கமானது. துராயா, இரிடியம் ஆகியவற்றின் தொலைபேசிகளை முன் அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றமாகும். மலையேறுவோர் இடர்க்குறிப்பு அனுப்பப் பயன்படுத்தும் சிறு செயற்கைக்கோள் கருவிகளும் இதில் அடங்கும். 2024 டிசம்பரில் கோவா வானூர்தி நிலையத்தில் இத்தகைய கருவிகளுடன் வந்த வெளிநாட்டுப் பயணிகள் மீது வழக்குப் பதியப்பட்டது. தம் நாட்டில் சாதாரணக் கடையில் வாங்கிய பொருள் இங்கு குற்றமாகும் என்பதை அவர்களுள் பலர் அறிந்திருப்பதில்லை. 2025 சனவரியில், வெளிநாட்டுப் பயணிகளுக்கு இதனை முன்கூட்டியே அறிவிக்குமாறு இந்திய வானூர்திப் போக்குவரத்து இயக்ககம் விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. உள்நாட்டில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2017இல் இன்மார்சாட் வழியான தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது.

செயற்கைக்கோள் அகலப்பட்டையைப் பொறுத்தவரை, ஜிசாட்-11, ஜிசாட்-29 ஆகியவற்றைக் கொண்டு இயங்கும் அதிவேகச் சேவை 2022 செப்டம்பரில் இந்தியாவில் தொடங்கப்பட்டது. அதன் பயனர்கள் பெரும்பாலும் வங்கிக் கிளைகள், நிறுவனங்கள், அரசுத் துறைகள். கேஏ வரிசையில் இயங்கும் ஜிசாட்-என்2, விமானங்களுக்குள் இணையம் தருவதையும் நோக்கமாகக் கொண்டு 2024 நவம்பரில் ஏவப்பட்டது. விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் உரிய இணைப்பு விதிகள் 2018இலேயே வெளியிடப்பட்டிருந்தன. சாலையில் செல்லும் தனியார் பயணிக்குரிய வழி அத்தகைய தெளிவுடன் அமையவில்லை.

ஸ்டார்லிங்க் இந்தியாவில் முன்பதிவு பெறத் தொடங்கியதும், அந்நிறுவனம் உரிமம் பெறாதது என்பதால் பொதுமக்கள் அதில் சேர வேண்டாம் என 2021 நவம்பரில் அரசு அறிவித்தது. முன்பதிவுத் தொகை பின்னர் திருப்பித் தரப்பட்டது. 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமமும், அதே ஆண்டு ஜூலையில் இன்-ஸ்பேஸ் அமைப்பின் ஐந்தாண்டு அங்கீகாரமும் அதற்குக் கிடைத்தன. ஒன்வெப், ஜியோ ஆகியவை முன்னரே உரிமம் பெற்றவை. அலைக்கற்றை ஒதுக்கீடும் பாதுகாப்புச் சோதனைகளும் எஞ்சியிருந்தன. 2025 மே மாதத்தில் அரசு வெளியிட்ட பாதுகாப்பு நிபந்தனைகளுள், ஒவ்வொரு பயனர் முனையத்தின் இருப்பிடத்தையும் உடனுக்குடன் அறிந்து தெரிவிக்கும் ஏற்பாடும் ஒன்று. வீட்டுக் கூரையில் நிலையாக உள்ள கருவிக்கு இது சிறிய செய்தி. ஊர் ஊராகச் செல்லும் கேரவனுக்கு, அது செல்லும் வழி முழுவதும் பதிவாகும் என்பது இதன் பொருள்.

இலங்கையில் ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் தொடங்கியது. அங்கு வாங்கிய முனையத்தைப் பாக்கு நீரிணை கடந்து தமிழகத்துக்குக் கொண்டுவந்தால் அது இயங்கும் என எண்ணக் கூடாது. முனையத்தின் இருப்பிடத்தைக் கொண்டே சேவை அளிக்கப்படுகிறது. உரிமமற்ற நாட்டில் அது வெறும் பலகை. அதனை வைத்திருப்பதே வழக்குக்கு இடமாகலாம்.

சித்தன்னவாசலில் தங்கிச் செல்லுதல்

கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, 2022இல் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. தமிழக அரசு 2023இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றுள்ளது.

சித்தன்னவாசல் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ள இடம். பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களுக்கான 1959ஆம் ஆண்டு விதிகளின்படி, நினைவிடத்துக்குள் ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடம் தவிர வேறெங்கும் ஊர்தியைக் கொண்டுசெல்லவோ, அனுமதிக்கப்பட்ட பகுதி தவிர வேறெங்கும் சமைக்கவோ உண்ணவோ கூடாது. 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, நினைவிட எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் தடைசெய்யப்பட்டது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதியுடன் மட்டுமே செய்யத்தக்கது. அலைவாங்கிக்காகக் கம்பம் நடுவதும் பாறையில் துளையிடுவதும் இதனால் இயலாதவை. இரவில் தங்க விரும்புவோர் நினைவிடத்தின் எல்லையை விட்டு வெளியே, நில உரிமையாளரின் இசைவு பெற்ற திறந்த வெளியிலோ, புதுக்கோட்டை நகரிலோ ஊர்தியை நிறுத்துவதே முறை. மேற்கூறிய 150 மீட்டர்க் கணக்கின்படி, குன்றை விட்டு இவ்வாறு விலகி நிற்பது தாழ் சுற்றுப்பாதை அலைவாங்கிக்கும் ஏற்றதே.

மின்னாக்கி எந்திரங்களைக் குகைப் பகுதிகளுக்கு அருகில் இயக்குவது தவிர்க்கப்பட வேண்டும். அறிவர் கோயில் ஓவியங்கள் ஏற்கெனவே பெருமளவு அழிந்துள்ளன. எஞ்சியிருப்பவை மெல்லிய சுண்ணாம்புப் பூச்சின் மேல் உள்ளவை. புகையும் கரியும் அவற்றுக்கு ஊறு விளைவிப்பன. கூரையில் பொருத்திய சூரிய மின்பலகைகள் புகையின்றி மின்கலத்தை நிரப்பும். நிழலற்ற இவ்வெளியில் நிற்கும் 200 வாட்டுப் பலகை ஒன்று, தெளிந்த நாளில், சிறு முனையம் ஒன்றின் முழுநாள் தேவைக்கு ஏறக்குறைய ஈடுகொடுக்கும்.